அர்ச்சனைத் தட்டில் போன திறப்பு

இதை எழுதலாமா என்று முதலில் மருமகளிடம்தான் கேட்டேன்.  பெயர் போடாமல், தெருவைச் சொல்லாமல் எழுதுங்கோ மாமி என்றாள். அதனால் இதில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு இரும்பு அலுமாரி இருக்கிறது. சுவரோடு சேர்த்து முறுக்காணி போட்டு இறுக்கியது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அதற்குள் என் மருமகளின் துவக்கு இருக்கிறது. அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணம் பேசும்போது இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பெண் மருந்தாளர், அமைதியான பிள்ளை, நன்றாகப் பாடும் என்றார்கள். எல்லாம் உண்மைதான். படிக்கிற காலத்தில் ஒரு சிநேகிதியோடு போய் அவள் துவக்குச் சுடப் பழகியதையும், இப்போது அதில் மாவட்ட அணிக்கு எடுபடுகிற அளவுக்கு வந்திருப்பதையும் மகன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எந்தத் துவக்குக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டன் வரைக்கும் ஓடி வந்தேனோ, அது என் வீட்டுப் படியேறி வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் எங்கள் வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்னர், துவக்கு வைக்கிற இடத்தைப் பார்க்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேலே போய் அந்த அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கீழே வந்து எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அலுமாரித் திறப்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மகன் தமிழில் சொன்னான்.  எங்கள் ஊரில் சீருடை போட்ட ஆட்கள் கேட்கும்போது தெரியாது என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேரை வீட்டு வாசலிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையிலேயே தெரியாதே. தெரியாது என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். அதுதான் சரியான பதில், அனுமதி உள்ளவரைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியக் கூடாது என்று சொல்லித் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் போன பிறகும் நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். தெரியாது என்ற சொல்லுக்கு ஒரு பொலிஸ்காரர் சிரித்த நாடு. இப்படியும் இருக்குமா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அதன்பிறகுதான் நான் மருமகளைக் கவனிக்கத் தொடங்கினேன். துவக்கை வெளியே கொண்டுபோகிற நாட்களில் அவள் வேறொரு ஆள். காரின் டிக்கிக்குள் அதை உறையோடு வைத்து, மேலே ஒரு பழைய கம்பளியும், அதற்கு மேலே சந்தைக்குக் கொண்டுபோகிற பைகளும் போட்டு மூடுவாள். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவனுக்கு அது மரக்கறி வாங்கப் போகிற கார். சுடுகிற கழகத்தில் காரில் ஒட்டச் சொல்லி ஒரு வடிவான ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். மகன் பெருமையாக ஒட்டப்போக, அவள் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டாள். கள்ளனுக்கு நாங்களே கடிதம் எழுதிப் போடுறதோ என்று கேட்டாள். எங்காவது நிறுத்தினால் காரைப் பின்பக்கமாகச் செலுத்தி டிக்கியைச் சுவரோடு ஒட்டவைப்பாள். இரண்டு விரல் போகிற இடைவெளிதான் இருக்கும். டிக்கியைத் திறக்க வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்வாள். துவக்கு மூன்று துண்டாகக் கழலும். குழல், பிடி, குழலுக்குக் கீழே கை பிடிக்கிற ஒரு சின்ன மரத்துண்டு. அந்த மரத்துண்டைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். அது இல்லாமல் மற்ற இரண்டையும் கொண்டுபோகிறவனால் சுட முடியாதாம்.

இவ்வளவு பாடு எதற்கு, குண்டுதான் அதற்குள் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். சோறு வடித்துக்கொண்டு நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமி, நிப்பாட்டின காருக்குள்ள இருந்து ஒருத்தன் எடுத்துக்கொண்டு போனா, அது பிறகு ஆரின்ர பிள்ளைக்கு முன்னால போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அது என்ர துவக்கு."

துவக்குக் களவுபோனால் பொலிஸ் அனுமதிப் பத்திரத்தைப் பறித்துவிடும், பிறகு அணியும் இல்லை, விளையாட்டும் இல்லை என்று மகன் எனக்குப் பின்னர் விளக்கினான். அவள் அதைச் சொல்லவில்லை. ஆரின்ர பிள்ளை என்றுதான் சொன்னாள். துவக்கு வைத்திருந்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சொல்லை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மருமகள் அந்த வாரம் புதுக் கார் வாங்கியிருந்தாள். ஞாயிறு காலை கெண்ட் பக்கத்தில் அவளுக்குப் போட்டி. பின்னேரம் நாலு மணிக்குக் கோயிலில் காருக்குப் பூசை. நாலரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னர் முடித்துவிட வேண்டும். போட்டி முடிய வீட்டுக்கு வந்து, துவக்கை அலுமாரியில் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போவதென்று கணக்குப் போட்டிருந்தார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எங்கேயும் வருகிறேன் என்று கேட்கிற ஆள் இல்லை.

புல்வெளி. ஒரு இயந்திரம் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தட்டை வானத்துக்கு எறிகிறது, எங்கள் தேத்தண்ணிச் சோசரை விடச் சின்னது. அவள் பார்க்கிறாள், துவக்கு அவளோடு சேர்ந்து திரும்புகிறது, ஒரு சத்தம். தட்டு இல்லை. செம்மஞ்சள் தூள் மட்டும் காற்றில் நிற்கிறது. முதல் சத்தத்துக்கு நான் நிலத்தில் குந்திவிட்டேன். உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதுக்கு மகனின் கையைப் பிடித்தேன். பத்தாவதுக்கு நானே தட்டு எந்தப் பக்கத்தால் வருமென்று தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை சத்தத்துக்கும் ஒருவர் கூட அழவில்லை, ஒருவர் கூட ஓடவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார மனுசி எனக்கு ஒரு துண்டு கேக் தந்தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

திரும்பி வரும்போது பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். எனக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும். அவளுக்கும்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் காரைவிட்டு நகரவில்லை. நீங்க போயிட்டு வாங்கோ மாமி என்று சொல்லிவிட்டு, டிக்கிப் பக்கம் சாய்ந்துகொண்டு நின்றாள். பிளாக்ஹீத் தாண்டி வர வாகனங்கள் அடுக்கடுக்காக நின்றன. மகன் தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். லூயிஷாம் வரும்போதே நாலு மணிக்குக் கிட்ட ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய் வர இனி நேரமில்லை, நேரே கோயிலுக்கு விடு, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று அவன் கெஞ்சினான். அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. கடைசியில், நான் காரோட நிப்பன், டிக்கி திறக்கிறேல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லக் கூடாது என்று மூன்று கட்டளை போட்டுவிட்டுத் திருப்பினாள்.

கோயில் வாசலில் வழக்கம்போல அவள் டிக்கியை மதிலோடு ஒட்டி நிறுத்தினாள். ஐயர் வந்து பார்த்துவிட்டு, கார் சாமியைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார். மறுத்துப் பேச ஏலாது. அவள் காரைத் திருப்பினாள். இப்போது முன்பக்கம் சாமியைப் பார்த்தது, டிக்கி தெருவைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை தெரு. சந்தையிலிருந்து பையோடு போகிறவர்கள் டிக்கியை உரசிக்கொண்டு போனார்கள்.

அவள் இறங்கி ஓடிப்போய் டிக்கிக்கு முன்னால் நின்றாள். அந்த அவசரத்தில் கார்த் திறப்பை உள்ளேயே விட்டுவிட்டாள். இந்தக் காலத்துக் காருக்குத் திறப்பைக் கொண்டு முறுக்கத் தேவையில்லையே, ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள் கிடக்கும். ஐயர் கதவுகளைத் திறக்கச் சொன்னார். மகன் நாலு கதவையும் திறந்தான், முன்மூடியையும் தூக்கினான். ஐயர் சக்கரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், நாலு தேசிக்காயை நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். பிறகு அர்ச்சனைத் தட்டை நீட்டித் திறப்பை வையுங்கோ என்றார். மகன் குனிந்து குழிக்குள் கிடந்த திறப்பை எடுத்து, தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் பக்தியாக வைத்தான். ஐயர் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது அதுதான். புதுக் காரை வாயைப் பிளந்த மாதிரித் திறந்து வைத்துவிட்டு, திறப்பைச் சாமியின் காலடிக்கு அனுப்பிவிட்டு, எல்லோரும் பின்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிடுவோம். லண்டன் தெருவில் திறந்து கிடக்கிற காரை அந்த நேரம் சாமி பார்த்துக்கொள்வார்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். திறப்பு எங்கே என்று கேட்டாள். மகன் சொன்னான். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. திறப்பு இல்லாமல் காரைப் பூட்ட ஏலாது. டிக்கிக்குக் கீழே ஒரு பொத்தானை அமத்தினால் போதும், திறந்துவிடும். போய் வாங்கிக்கொண்டு வாங்கோ என்று மெதுவாகச் சொன்னாள். அவன் ஓடினான். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். சாமியின் காலடியில் வைத்தாயிற்றாம், தீபம் காட்டுவதற்கு முன்னர் எடுக்கக் கூடாதாம், அர்ச்சனைக்கு இன்னும் ஏழெட்டுத் தட்டு வரிசையில் இருக்கிறதாம். அதோடு, காரின் சொந்தக்காரியைச் சங்கற்பத்துக்கு உள்ளே வரச் சொல்கிறாராம்.

அந்த நேரம் பார்த்து ஒரு மனுசி வந்து சேர்ந்தாள். நாங்கள் முன்னர் பிளேஸ்டோவில் வாடகைக்கு இருந்தபோது எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவள். நல்ல சீவன், ஆனால் வாய் ஓயாது. காரைச் சுற்றி வந்து நிறம் நல்லம் என்றாள், இருக்கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு டிக்கிப் பக்கம் வந்தாள்.

"எல்லாக் கதவும் திறந்திருக்கு, இது மட்டும் ஏன் பூட்டிக் கிடக்கு? மாமியாரைக் கட்டி உள்ளுக்குப் போட்டிருக்கிறியளோ?"

"மாமி இஞ்ச நிக்கிறா, அன்ரி" என்றாள் மருமகள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அந்த மனுசி, டிக்கிக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டாமோ என்று சொல்லிக் கையைக் கீழே விட்டுப் பொத்தானைத் தேடினாள். மருமகள் அந்தக் கைக்கு மேல் தன் கையை வைத்தாள். அடிக்கவில்லை, தள்ளவில்லை. வைத்தாள், எடுக்கவில்லை.

"வேண்டாம் அன்ரி."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுசி கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்கள், நாங்கள் காரைப் பார்க்கிறோம், நீங்கள் உள்ளே போங்கள் தங்கச்சி என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அப்படி என்ன அதற்குள் இருக்கிறது என்று ஒருவர் கண்ணாடியில் கையைக் குவித்து எட்டிப் பார்த்தார். பழைய கம்பளியும் சந்தைப் பையும்தான் தெரிந்திருக்கும். உள்ளே மணி அடித்தது. எல்லோரும் கோயிலைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அவளும் சாமி கும்பிடுகிற பிள்ளைதான், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவாள். ஆனால் அன்றைக்குச் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் எல்லோரும் விலகிவிடுவார்கள். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்குள் லண்டன் தமிழருக்கெல்லாம் எங்கள் வீட்டில் துவக்கு இருப்பது தெரிந்துவிடும். அதனால் பேசாமல் நின்றாள். 

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அந்தக் கோயிலுக்கு நான் பல வருடமாகப் போகிறேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஐயரோடு ஒரு நாளும் பேசியதில்லை. என் பெயரையும் நட்சத்திரத்தையும் கூட மகன்தான் சொல்வான். அன்றைக்கு ஆட்களை விலக்கிக்கொண்டு, மன்னிக்கோணும் மன்னிக்கோணும் என்று சொல்லிக்கொண்டு, கம்பித் தடுப்பு வரைக்கும் போய்விட்டேன். ஐயா என்று கூப்பிட்டேன். மணிச் சத்தம் விழுங்கிவிட்டது. இரண்டாம் முறை கூப்பிட்டேன். எவ்வளவு பலமாகக் கூப்பிட்டேனோ, ஐயரும் திரும்பினார், நின்ற சனம் முழுவதும் திரும்பியது. காது இரண்டும் சுட்டது.

என்ன அம்மா என்றார்.

"ஐயா, அந்தக் கார்த் திறப்பு. இப்ப வேணும்."

தம்பிக்குச் சொன்னேனே, தீபம் காட்டாமல் எடுக்கக் கூடாது என்றார்.

"பிள்ளையின்ர பொறுப்பில ஒரு சாமான் காருக்குள்ள இருக்கு, ஐயா. அது பிழையான கைக்குப் போனா ஒரு உயிருக்குச் சேதம் வரும். அதைப் பூட்டாமல் அவ சாமிக்கு முன்னாலயும் வரமாட்டா. சாமி திறப்பைப் பாத்திட்டார்தானே. தாங்கோ."

அவ்வளவையும் நான்தான் சொன்னேனா என்று இப்போதும் சந்தேகம். மருமகள் மருந்தாளர் என்று ஐயருக்குத் தெரியும். மருந்து என்று நினைத்திருப்பார். நான் பொய் சொல்லவில்லை.  அவர் திரும்பிப் போய், சாமியின் காலடியிலிருந்து திறப்பை எடுத்து, ஒட்டியிருந்த செவ்வரத்தம் பூவோடு என் கையில் வைத்தார். கொண்டு போங்கோ, தீபத்தை நான் அங்கே கொண்டு வருகிறேன் என்றார்.

திறப்பு கையில் விழுந்ததும் இன்னொரு பயம். இதை நான் வைத்திருக்கலாமா? அலுமாரித் திறப்பைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்றார்களே, இது கார்த் திறப்புத்தான், ஆனாலும் இப்போது இதுதானே துவக்குக்குத் திறப்பு. சேலைத் தலைப்பால் சுற்றி, விரல் எதிலும் அமத்துப்படாமல், தளம்புகிற பால்செம்பைக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுபோனேன். மருமகள் அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். அவள் கைக்குக் கொடுத்தேன். மகன் கதவுகளைச் சாத்தினான். அவள் அமத்தினாள். டக்கென்று ஒரு சத்தம், நாலு விளக்கும் ஒருமுறை மின்னியது.

அதன்பிறகுதான் கைப்பையை நெஞ்சிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினாள். 

ஐயர் தீபத்தோடு வெளியே வந்தார். சங்கற்பத்தைத் தெருவிலேயே சொன்னார். மூடிக் கிடந்த டிக்கிக்கு வெளியால் ஒரு பெரிய சந்தனப் பொட்டு வைத்தார். தீபத்தை அவள் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அந்த மேல்வீட்டு மனுசி தானாக வந்து அவளுக்கு விபூதி பூசிவிட்டாள், கோபம் அவ்வளவுதான். மகன் நேரத்தைப் பார்த்து, நாலு முப்பத்திரண்டு என்று முகத்தைத் தொங்கப்போட்டான். உள்ளே தேங்காய் உடைத்தது நாலு இருபதுக்கு, அது காணும், நேரத்துக்குள்தான் என்றார் ஐயர். அவள் காரை முன்னால் உருட்டினாள். நாலு தேசிக்காயும் நசுங்கின.

 எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது மகன் மன்னித்துக்கொள் என்றான்.

"அடுத்த முறை கார் வாங்கினா, பூசைக்கு நீங்க மட்டும் போங்கோ. காரையும் விட்டிட்டுப் போங்கோ."

அவன் சிரித்த பிறகுதான் அவளும் சிரித்தாள்.

அவள் துவக்கை உறையோடு மேலே கொண்டுபோனாள். கைப்பையிலிருந்த மரத்துண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் மாடிப்படியில் நின்றேன். அவள் அலுமாரித் திறப்பை எடுக்கப் போகிற நேரம், நான் வழக்கமாகச் செய்கிறபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே நாட்காட்டி தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் என்னிடம் ஒருநாளும் திரும்பச் சொல்லிக் கேட்டதில்லை. நானாகவே தொடங்கியதுதான்.

இரும்புக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. திறப்பு இரண்டு முறை சுழன்றது. அவளுடைய காலடி அறைக்குள் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் போனது என்று காதுக்குத் தெரியாமல் இருக்க, நாட்காட்டியில் இருந்த நாட்களை வாய்விட்டு எண்ணினேன்.

அந்தப் பொலிஸ்காரர் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கத் திரும்ப வருவாராம். அதே கதிரையில் இருந்து அதே கேள்வியைக் கேட்பாராம். அவருக்கு நான் தெரியாது என்று சொல்ல வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும்.